தத்துக் குழந்தை வீட்டுக்கு வருகிறாள்: முதல் மூன்று மாதங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தத்து மையத்துக்குக் குழந்தையை அழைத்து வரப் போகும்போது, அவள் படுத்திருந்த விரிப்போ, போர்த்தியிருந்த துண்டோ ஏதாவது ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கியதைத் துவைக்காதீர்கள்.

எங்கள் மகளை ஒடிசாவிலிருந்து மதுரைக்கு அழைத்து வந்தபோது அவளுக்கு ஏழு மாதம். மஞ்சள் பூப்போட்ட, ஓரம் நைந்த ஒரு பருத்தி விரிப்பை ஆயாம்மா மடித்துக் கொடுத்தார். டெட்டால் வாடையும் புளித்த பால் வாடையும் கலந்து அடிக்கும். முதல் பத்து நாள் அதன் ஓரத்தைக் கைக்குள் பிடித்துக்கொண்டுதான் தூங்கினாள். நாங்கள் வாங்கி வைத்திருந்த புது மெத்தை, புதுப் போர்வை எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். ஒரே நாளில் அவளுக்குத் தெரிந்த முகம், மடி, பாலின் ருசி, காதில் விழுந்த மொழி, பக்கத்துத் தொட்டில் குழந்தைகளின் சத்தம் எல்லாமே போய்விடுகின்றன. மூன்றே முக்கால் வருடம் காத்திருந்த நமக்கு அது திருவிழா. அவளுக்கு அப்படி இல்லை. கீழே நான் சொல்லப் போகும் அத்தனையும் இந்த ஒன்றை மனதில் வைத்துத்தான்.

குழந்தை பக்கத்து மாநிலத்திலிருந்து வந்தாலும் வெளிநாட்டிலிருந்து வந்தாலும் வீட்டுக்குள் செய்ய வேண்டியது ஒன்றுதான். காகித வேலைதான் மாறும். வெளிநாட்டுக் குழந்தை என்றால் அந்த நாட்டுச் சட்டப்படி அங்கேயே தத்தெடுப்பை முடிக்க வேண்டும். நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா 2003-லேயே சேர்ந்துவிட்டதால், ஒப்பந்த நாடுகளிலிருந்து வரும் குழந்தைக்கு மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையமான காராவின் ஒப்புதல் தேவை. குழந்தை வெளிநாட்டு பாஸ்போர்ட்டோடு வந்தால் இந்திய விசாவும் வேண்டும். நான் பட்டு அறிந்தது உள்நாட்டு வழி என்பதால் அதை விரிவாகச் சொல்கிறேன்.

பரிந்துரை வந்ததும்

காராவின் இணையதளத்தில் உங்கள் முறை வரும்போது குழந்தையின் புகைப்படம், அவள் பின்னணியைச் சொல்லும் குழந்தை ஆய்வு அறிக்கை, மருத்துவ அறிக்கை மூன்றும் வரும். இதைத்தான் பரிந்துரை என்கிறார்கள். 48 மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்லிக் குழந்தையை உங்களுக்கென ஒதுக்கிக்கொள்ள வேண்டும். எங்களுக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. குழந்தைகள் டாக்டரைத் தேடி அலைவதிலேயே பாதி நேரம் போய்விட்டது. ஆகவே, வரிசையில் உங்கள் எண் நெருங்கும்போதே ஒரு டாக்டரிடம் பேசி வைத்துவிடுங்கள். மருத்துவ அறிக்கையில் அவர் பார்க்க வேண்டியவை பிறந்த எடை, குறைமாதப் பிறப்பா என்பது, மாதாமாதம் எடையும் தலைச் சுற்றளவும் ஏறிய விதம், எச்ஐவி, மஞ்சள் காமாலை பி ஆகிய பரிசோதனைகள். ஒரு மாதத்து எடையை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஏறும் கோடு முக்கியம்.

மையத்தில் வளர்ந்த குழந்தைகள் எடையிலும் உயரத்திலும் பின்தங்கி இருப்பது சகஜம். எங்கள் மகள் ஏழு மாதத்தில் குப்புற விழவே இல்லை. அறிக்கையில் அதைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது உண்மை. டாக்டர் சொன்னார்: “தரையில விட்டு விளையாட ஆள் இருந்திருக்காதும்மா. வீட்டுக்கு வரட்டும், பாருங்க.” வந்த ஐந்தாவது வாரத்தில் பாயில் புரண்டாள். எல்லாப் பின்தங்கலும் இப்படிச் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அறிக்கையைப் பார்த்ததும் பயந்து கைவிட வேண்டியதும் இல்லை.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காத்திருக்கும் வருடங்களில், “எனக்குத் தெரிஞ்ச ஆஸ்பத்திரியில ஒரு பிள்ளை இருக்கு, நேரா வாங்கிக்கலாம்” என்று யாராவது வருவார்கள். அது குழந்தை விற்பனை. சிறார் நீதிச் சட்டம் 81-ஆம் பிரிவின்படி ஐந்து வருடம் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. அதோடு, அந்தக் குழந்தை எந்த நேரமும் உங்கள் கையை விட்டுப் போகலாம்.

இனிஷியலைக் கவனியுங்கள்

நம் ஊர்ப் பெயர்களில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். வடக்கே படிவத்தை நிரப்புகிறவர்களுக்கு இது பிடிபடாது. ஒரு காகிதத்தில் இனிஷியல் பின்னால் போகும், இன்னொன்றில் மாமனார் பெயர் முழுசாக விரியும். எங்கள் தத்து ஆணையில் என் கணவரின் பெயர் பிழையாக அச்சாகி, திருத்தி வாங்க ஒன்றரை மாதம் ஆனது. ஆதார், பான், பாஸ்போர்ட், திருமணச் சான்று நான்கிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பதிவு செய்யும் முன்பே பார்த்துவிடுங்கள். மையத்தில் கையெழுத்துப் போடும்போது பெயரை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பதும் நல்லது.

மையத்தில்: ஆயாம்மாவைத் தேடிப் பிடியுங்கள்

ஒரே நாளில் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பாதீர்கள். அந்த ஊரில் நான்கு நாளாவது தங்குங்கள். முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், தூக்க வேண்டாம். இரண்டாம் நாள் ஆயாம்மா மடியில் இருக்கும்போதே நீங்கள் பால் கொடுங்கள். மூன்றாம் நாள் உங்கள் மடியில். இப்படிக் கைமாறினால், பழகிய ஆளே தன்னைப் புதியவரிடம் கொடுக்கிறார் என்பது குழந்தைக்குத் தெரியும்.

அலுவலகத்தில் இருப்பவர்கள் கோப்பைப் பற்றிச் சொல்வார்கள். குழந்தையைப் பற்றி ஆயாம்மாவுக்குத்தான் தெரியும். என்ன பால் பவுடர், ஒரு தடவைக்கு எவ்வளவு, பால்புட்டியின் நிப்பிள் என்ன அளவு, எத்தனை மணிக்குத் தூக்கம், எந்தப் பக்கம் படுப்பாள், எதற்குப் பயப்படுவாள், எப்படித் தட்டினால் தூங்குவாள் என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்கு மொழி தெரியாததால் அவர் செய்து காட்டினார். முதுகில் தட்டினால் விழித்துக்கொள்வாள், தொடையில் மெதுவாகத் தட்ட வேண்டும். யாரும் எந்த அறிக்கையிலும் எழுதாத விஷயம் இது.

அவர் வாயில் வரும் சொற்களையும் பிடித்துக்கொள்ளுங்கள். பாலுக்கு ‘கீரொ’, தண்ணீருக்கு ‘பாணி’. தூக்கும்போதெல்லாம் “மோ சுனா, மோ சுனா” என்பார். கூட இருந்த பெண்ணிடம் அர்த்தம் கேட்டேன். “என் தங்கம்” என்று பொருளாம். நம் வீட்டில் கொஞ்சுகிற அதே சொல். முதல் மாதம் முழுக்க நான் “சுனா” என்றும் “தங்கம்” என்றும் சேர்த்தே கூப்பிட்டேன். ஆயாம்மா பேசுவதை, அவர் அனுமதியோடு, செல்போனில் பத்து நிமிடம் பதிவு செய்து கொண்டுவாருங்கள். ரயிலில் அது எங்களைக் காப்பாற்றியது.

பயணம்

நாங்கள் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் சென்னை சென்ட்ரல் வந்து, எழும்பூர் போய், பாண்டியன் எக்ஸ்பிரஸில் விடியற்காலை மதுரையில் இறங்கினோம். இப்போது செய்வதாக இருந்தால் சென்னையில் ஒரு நாள் தங்கிவிட்டு வருவேன். இரண்டு ராத்திரி தொடர்ந்து ரயில் என்பது குழந்தைக்கும் அதிகம், நமக்கும் அதிகம். விமானம் என்றால், இறங்கும் நேரத்தில் காது அடைக்காமல் இருக்கப் பால்புட்டியைச் சப்பக் கொடுங்கள். எதில் வந்தாலும் கணக்குப் போட்டதை விட இரண்டு மடங்கு பால் பவுடரும், காய்ச்சிய தண்ணீருக்கு இரண்டு பிளாஸ்கும் வேண்டும். மையம் கொடுக்கும் தத்துக்கு முந்தைய பராமரிப்பு உறுதிமொழி நகலைக் கைப்பையிலேயே வையுங்கள். நிறமும் சாயலும் வேறாக இருக்கும் குழந்தையோடு போகும்போது யாராவது கேட்டால் காட்ட அதுதான் காகிதம்.

முதல் ஒரு மாதம்: நீங்கள் இருவர் மட்டும்

இந்த வழிகாட்டியில் கடினமான பகுதி இது. மதுரையில் ஒரு வீட்டுக்குக் குழந்தை வந்தால் தெருவே வந்துவிடும். ஆரத்தி, திருஷ்டி, சேனை வைப்பது, மடி மாற்றி மடி கொஞ்சுவது எல்லாம் பிரியத்தால் நடப்பவைதான். ஆனால் மையத்தில் ஷிப்ட் மாறி ஆட்கள் தூக்கி வளர்த்த குழந்தைக்கு, இங்கேயும் பத்துக் கைகள் மாறினால், ‘இவர்கள்தான் என் ஆட்கள்’ என்று பிடிபடாமலே போய்விடும்.

அதனால் முதல் மாதம் பால் கொடுப்பது, குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, தூங்க வைப்பது, அழுதால் தூக்குவது ஆகிய ஐந்தையும் அம்மாவும் அப்பாவும் மட்டுமே செய்யுங்கள். மற்றவர்கள் பக்கத்தில் உட்காரலாம், பேசலாம், பாடலாம், சமைத்துத் தரலாம்.

என் மாமியாரிடம் இதைச் சொல்லத்தான் நான் அதிகம் பயந்தேன். மூன்றாம் நாள் அவரே கேட்டார்: “ஏத்தா, பேத்திய நான் தூக்கக் கூடாதா?”

“தூக்கலாம் அத்தை. இருபது நாள் போகட்டும். நம்ம ரெண்டு பேருல யாரு அம்மான்னு அவளுக்கு முதல்ல தெரியட்டும். அதுக்கப்புறம் அப்பத்தா மடியிலதானே கிடக்கப் போறா.”

அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை பாய் ஓரத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தபடி, அவளைப் பார்க்காமலே ஏதோ ராகம் இழுத்துக்கொண்டிருந்தார். மகள் தலையைத் திருப்பித் திருப்பி அவரைப் பார்த்தாள். அப்பத்தாவுக்கும் பேத்திக்கும் உறவு அங்கே ஆரம்பித்தது.

அப்புறம், அழாத குழந்தையைப் பற்றி. “எவ்வளவு சமத்து, அழவே மாட்டேங்குது” என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். பசித்தாலும் நனைந்தாலும் அழாமல் கிடக்கும் குழந்தை, அழுது பயனில்லை என்று கற்றுக்கொண்ட குழந்தையாக இருக்கலாம். அவள் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். மணி பார்த்துப் பால் கொடுங்கள், சின்ன முனகலுக்கும் போய் நில்லுங்கள். இரவிலும் அப்படித்தான். ‘தூக்கிப் பழக்காதே’ என்ற அறிவுரை இவளுக்குப் பொருந்தாது. தூக்கித்தான் பழக்க வேண்டும். பழைய பருத்திச் சேலையில் நெஞ்சோடு கட்டிக்கொண்டு வீட்டு வேலை செய்தேன். முகமும் மூக்கும் மூடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தூளி பற்றியும் சொல்ல வேண்டும். என் அம்மா தன் சேலையைக் கொக்கியில் கட்டி ஆசையாகத் தூளி தயார் செய்திருந்தார். போட்டதும் வீறிட்டாள். தட்டையான கட்டிலில் வளர்ந்த உடம்புக்கு அது ஆடுவதும் இரண்டு பக்கமும் மூடிக்கொள்வதும் பயம். அவிழ்த்துவிட்டோம். எங்கள் கட்டிலை ஒட்டி ஒரு தடுப்புக் கட்டில், அதில் அந்த மஞ்சள் விரிப்பை இறுக்கமாக விரித்து, மல்லாக்கப் படுக்க வைத்தோம். இரண்டாம் வாரம் வரை விடிவிளக்கை அணைக்கவில்லை. பத்துப் பதினைந்து குழந்தைகளோடு வெளிச்சத்தில் தூங்கியவளுக்கு இருட்டும் நிசப்தமும்தான் புதுசு.

பால் குடிக்கும்போது அவள் எங்களைப் பார்க்க மாட்டாள். மின்விசிறியைப் பார்ப்பாள். மையத்தில் துண்டை மடித்துப் புட்டிக்கு முட்டுக் கொடுத்துக் குடித்த பழக்கம். கண்ணைப் பார், பார் என்று முகத்தைத் திருப்பக் கூடாது. புட்டியை என் கன்னத்தை ஒட்டிப் பிடித்தேன், அவ்வளவுதான். பத்தொன்பதாம் நாள் மத்தியானம், பாதிப் பால் இருக்கும்போது கண் விசிறியிலிருந்து இறங்கி என் மூக்குத்தியில் நின்றது. அப்புறம் கண்ணுக்கு வந்தது. நான் அசையவே இல்லை.

இந்த நாட்களில் உங்களுக்கே மனம் விட்டுப் போகலாம். இவ்வளவு ஏங்கி வந்த குழந்தை மேல் ஏன் உடனே பாசம் பொங்கவில்லை என்று குற்ற உணர்ச்சி வரும். பிரசவித்த தாய்க்கு வருவது போலவே தத்தெடுத்த தாய்க்கும் மனச்சோர்வு வரும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு அழுகை நிற்கவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பால், குளியல், பாட்டி வைத்தியம்

மையத்தில் கொடுத்த அதே பால் பவுடரை இரண்டு வாரம் தொடருங்கள். மாற்ற வேண்டும் என்றால் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, தினம் ஒரு வேளைப் பாலாகப் புதியதற்கு மாற்றுங்கள். பவுடரையும் தண்ணீரையும் டப்பாவில் போட்ட அளவில்தான் கலக்க வேண்டும். புஷ்டியாகட்டும் என்று கெட்டியாகவும் வேண்டாம், மிச்சம் பிடிக்க நீர்க்கவும் வேண்டாம். ஒரு வயது வரை பசும்பாலைப் பிரதான பாலாகக் கொடுக்காதீர்கள். தேனும் ஒரு வயது வரை கூடாது, சேனை வைக்கும் சடங்குக்குக்கூட. குழந்தைகளுக்கு நரம்பைத் தாக்கும் பாட்டுலிசம் என்ற நோய் அதிலிருந்து வரலாம்.

சித்திரை, வைகாசி வெயிலில் வருகிற குழந்தைக்குத் தண்ணீர் கொடு என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். ஆறு மாதத்துக்குள் பாலே போதும். அதற்கு மேல் காய்ச்சி ஆறிய தண்ணீர் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

குளிப்பாட்ட வரும் பாட்டியைப் பணிவாகத் தவிர்த்துவிடுங்கள். மூக்கில் ஊதுவது, காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவது, வசம்பு உரைத்துப் புகட்டுவது, சாம்பிராணிப் புகையில் காட்டுவது எதுவும் வேண்டாம். ஆனால் எண்ணெய் தேய்ப்பதை விடாதீர்கள். தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் சூடாக்கி, அப்பாவும் அம்மாவும் மாறி மாறித் தேய்க்கும் அந்தக் கால் மணி நேரம்தான் தொடுகைக்கு அவள் பழகும் நேரம். எங்கள் மகள் முதலில் விறைத்துக்கொண்டாள். பாதத்தில் மட்டும் ஆரம்பித்து, ஒரு வாரம் கழித்து முழங்கால் வரை போனோம்.

டாக்டரிடம்

வந்த முதல் வாரத்திலேயே காட்டுங்கள், ஊசிக்காக அவசரப்படாமல். தடுப்பூசி அட்டை இருந்தால் அதையே தொடரலாம். ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியான பென்டாவேலன்ட் 6, 10, 14 வாரங்களில் போட்டிருக்க வேண்டும், தட்டம்மை ரூபெல்லா 9 மாதத்தில். அட்டை இல்லையென்றால் டாக்டர் திரும்பப் போடச் சொல்லலாம், ஒரு தடவை கூடுதலாகப் போடுவதால் கெடுதல் இல்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். மையத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனைகளை இங்கே ஒருமுறை திரும்ப எடுத்துவிடுங்கள். ரத்தசோகை, தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள். ஒடிசா போன்ற பகுதிகளிலிருந்து வரும் குழந்தை என்றால் அரிவாள் செல் என்ற பரம்பரை ரத்த நோய்க்கான சோதனையும் கேளுங்கள். செவித்திறன் சோதனை கட்டாயம்.

குறைமாதக் குழந்தை என்றால் விழித்திரைச் சோதனை நடந்ததா என்று மையத்து அறிக்கையில் தேடுங்கள், இல்லையென்றால் தாமதிக்காமல் பாருங்கள். 1976-இல் டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை மதுரைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மூன்று மாதம் ஆன பிறகும் முகம் பார்க்கவில்லை, சத்தத்துக்குத் திரும்பவில்லை என்றால் ‘போகப் போகச் சரியாகும்’ என்று விடாமல், அரசு மருத்துவமனையில், வளர்ச்சிக் குறைகளைச் சின்ன வயதிலேயே கவனிக்கும் ஆரம்ப நிலை இடையீட்டு மையத்தைப் பற்றிக் கேளுங்கள்.

சொந்தமும் தெருவும்

“யாரு ஜாடை?”, “பெத்தவ யாரோ?”, “என்ன ஆளுகளோ?” இந்த மூன்று கேள்விகளும் கட்டாயம் வரும். கோபப்பட்டால் பேச்சு வளரும். நாங்கள் வீட்டில் எல்லோருமாக ஒரே பதிலை வைத்துக்கொண்டோம்: “அது அவ விஷயம்ங்க. பெரியவளானதும் அவகிட்டதான் சொல்லணும்.” குழந்தை ஆய்வு அறிக்கையில் இருப்பதை உங்கள் கூடப்பிறந்தவர்களிடம்கூடச் சொல்லாதீர்கள். சொன்னது திரும்பி வராது. புகைப்படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதையும் ஆணை வரும் வரை தள்ளிப்போடுங்கள்.

தத்து என்ற சொல்லை மட்டும் மறைக்காதீர்கள். எண்ணெய் தேய்க்கும்போதே அவளிடம் சொல்லிப் பழகினேன்: “உன்னைத் தத்தெடுக்க நாங்க ரயில்ல வந்தோம் தங்கம்.” அவளுக்குப் புரியாது. எனக்கு நாக்கு பழக வேண்டும் அல்லவா. வளர்க்க முடியாத பெண் பிள்ளையை அரசுத் தொட்டிலில் விட்டுப்போகும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கி, பிறகு நம் மதுரைப் பக்கமும் வந்தது. பெண் பிள்ளையைத் தொட்டிலில் விட்டுப்போன வலி தெரிந்த மண் இது. இங்கே இந்தச் சொல்லைக் கிசுகிசுப்பாகச் சொல்ல அவசியமில்லை.

அழகர்கோவில் மொட்டை, காதுகுத்து எல்லாவற்றையும் மூன்று மாதம் தள்ளி வையுங்கள். சாமி காத்திருக்கும். தாய்மாமன் முறைத்துக்கொள்வார், பேசிக்கொள்ளலாம்.

ஆணை, சான்றிதழ், விடுப்பு

குழந்தையை வீட்டுக்கு அழைத்து வருவதோடு தத்து முடிவதில்லை. 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையை நீதிமன்றம் இல்லாமல் மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். மையம் இருக்கும் மாவட்டத்தின் ஆட்சியர்தான், மதுரை ஆட்சியர் இல்லை. விண்ணப்பத்தை மையமே தாக்கல் செய்யும். சட்டப்படி இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். ஆணை வந்ததும் உங்கள் பெயர் போட்ட பிறப்புச் சான்றிதழ், அதன் பிறகு ஆதார். ஆணையில் பிறந்த தேதி, மூவரின் பெயர் எழுத்துகள் எல்லாவற்றையும் நகல் வரும்போதே சரிபாருங்கள்.

மத்திய அரசு ஊழியர் என்றால், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தத்தெடுக்கும் அம்மாவுக்கு 180 நாள் விடுப்பும் அப்பாவுக்கு 15 நாள் விடுப்பும் உண்டு. தனியார் வேலை என்றால் பரிந்துரை வரும் முன்பே மனிதவளத் துறையில் எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். இரண்டு வருடத்துக்கு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். வீட்டைத் துடைத்துப் பளபளப்பாக்க வேண்டாம். குழந்தையின் தூக்கம், பேச்சு, உங்கள் சங்கடம் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லுங்கள்.

ஒரு பெட்டி

கடைசியாக, ஒரு தகரப் பெட்டி வாங்கி வையுங்கள். மையத்தில் போட்டுக்கொடுத்த சட்டை, ரயில் டிக்கெட், ஆயாம்மாவின் குரல் பதிவு, மையத்தின் வாசலில் எடுத்த படம், ஆய்வு அறிக்கை நகல் எல்லாம் அதில் இருக்கட்டும். தன் வேரைத் தேடிக் கேட்கும் உரிமை அவளுக்குச் சட்டப்படி இருக்கிறது. பதினெட்டு வயதுக்குப் பிறகு தனியாக, அதற்கு முன் உங்களோடு சேர்ந்து.

எங்கள் மகளுக்கு இப்போது நான்கு வயது. மஞ்சள் விரிப்பு பெட்டிக்குள் இருக்கிறது. போன வாரம் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, “அம்மா, இதுல உன் வாசனைதான் வருது” என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, மடித்து அவள் கையிலேயே கொடுத்தேன். அவளே உள்ளே வைத்துப் பெட்டியை மூடினாள்.